குப்பையும் எருவும்



ஆனியும் ஆடியும் குற்றாலத்தில் சாரல் காலம். அருவியில் நீராடிப் பசியோடு வருவோர்க்கு உணவு விடுதிகள் ஓயாமற் சமைக்கின்றன. இலைகளில் எஞ்சும் சோற்றையும் கறியையும் எங்கேனும் கொட்டிவிட்டால், மழைநீர் அவற்றைச் சிற்றாற்றிற் சேர்க்கும். சிற்றாறு தென்காசியை நோக்கிச் செல்லும். ஓரூரின் எச்சில் அடுத்த ஊரின் ஆற்றுநீரிற் கலக்கலாமா? இவ்வினாவிற்கு அரசுகள் தேடிய விடைகளைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

வயலுக்கு எரு கொண்டு செல்வதை நம் உழவர் 'குப்பையடித்தல்' என்பர். குப்பை அவர்க்கு ஒரு செல்வம். சாணமும் சாம்பலும் வீட்டுக் கழிவும் எருக்குழியில் மக்கி வண்டியேறின. கீழைநாட்டு உழவரின் இத்தகைய வழக்கங்களை ஆராய்ந்து, இந்தூரில் ஒரு முறையை வகுத்தார் ஆல்பர்ட் ஹோவர்டு. 1931-ஆம் ஆண்டு யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து அதனை நூலாக்கினார். கழிவுகளை அடுக்கி, ஈரம் காத்து, காற்றுப் புகுமாறு புரட்டிவந்தால், நுண்ணுயிர்கள் ஏறத்தாழ மூன்று மாதங்களில் அவற்றை எருவாக்கிவிடும். நகரக் குப்பைக்கேற்ற மற்றொரு முறையை 1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆச்சார்யா வகுத்தார்.

1942-இல் இரங்கூன் ஜப்பானியர் வசமாகவே, பர்மா அரிசியின் வரவு நின்றது. அதனை நம்பியிருந்த சென்னை மாகாணம் தவித்தது. அதிக உணவு உற்பத்தி இயக்கம் தோன்றியது. நகரக் குப்பையை எருவாக்கும் பணிக்கும் அரசு ஊக்கமளித்தது.

உணவை வீணாக்காமற் காக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். விருந்தினர் தொகைக்கு வரம்பு கட்டும் ஆணைகளும் சில மாநிலங்களிற் பிறந்தன. ஆயினும் விருந்தோம்பலை ஆணையால் அளப்பது எளிதாக இல்லை.

எருக்குழிக்கும் பின்னர் இடையூறு நேர்ந்தது. மக்காத பாலிதீன் குப்பையிற் புகுந்தது. கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் பையும் கலந்த எருவை எந்த உழவர் விரும்புவார்? ஆகவே, 2000-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் குப்பையைப் பிரிப்பதை வலியுறுத்தின. 2016-ஆம் ஆண்டின் விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, தீங்கு தரும் கழிவு என வீட்டிலேயே மூவகையாகப் பிரிக்கப் பணித்தன. 2019 ஜனவரி முதல் நாளன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது.

எருவாக்கும் அறிவு நமக்கு 1931-லேயே வாய்த்திருந்தது. அதனைப் பயனற்றதாக்கியது நம் கலப்படமே என்று நான் கருதுகிறேன். அரசு இரண்டு கூடைகளை வைக்கலாம். எதனை எதிலிடுவது என்பது உண்டெழுபவரின் கையில் இருக்கிறது. குற்றாலம் செல்லும் மாணவர்களே, முதலில் உண்ணுமளவே கேட்டு வாங்குங்கள். பின்பு இலையை ஒரு கூடையிலும் பையை மற்றொன்றிலும் இடுங்கள். அவ்வாறு செய்தால், அந்த இலை ஆற்றிற் சேராது; எருவாகித் தென்காசி வயலொன்றில் நெல்லுக்கு உணவாகும்.