குடலிறக்கம்: துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனும் அதன் பலன்களும்

வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வலை இழுப்பதும் படகு தள்ளுவதும் அன்றாட வேலை. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் மூட்டை தூக்காமல் இருப்பதில்லை. இப்படி உழைப்பவர்களில் பலர், தொடையும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு புடைப்பைக் கண்டும் வெட்கப்பட்டு மறைத்து விடுகிறார்கள். இதுவே குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வரக்கூடும். பெண்களுக்குக் குறைவு, ஆனால் வந்தால் குடல் சிக்கும் ஆபத்து அதிகம்.

வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குகிறது. மாத்திரையால் இது மூடாது. லேப்ராஸ்கோபி முறையில் பொதுவாக மூன்று சிறு துளைகள் போட்டு, தசைக்குப் பின்னால் சுமார் 10 x 15 செ.மீ. அளவுள்ள வலையை வைக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. திறந்து செய்யும் முறையை இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ முடிக்கலாம். எனவே இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு அதுவே பொருந்தக்கூடும்.

துளை முறையில் ஆரம்ப வலி குறைவு. வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், திறந்து செய்த பின் மீண்டும் வந்தவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் பலன் டாக்டரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2004-இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்தது துளை முறையில் சுமார் 10 சதவீதம், திறந்த முறையில் சுமார் 5 சதவீதம். 250-க்கும் மேல் செய்து பழகிய டாக்டர்களிடம் துளை முறையிலும் அது 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. ஆகவே “இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எந்த முறையானாலும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி நீடிக்கலாம். நீர் கோர்ப்பது, சிறுநீர் தடைபடுவது போன்றவையும் நேரலாம்.

வலை எதனால் ஆனது என்பது நம் குடும்பங்களில் எழும் கேள்வி. வழக்கமாக வைப்பது பாலிபுரோப்பிலீன் எனும் பிளாஸ்டிக் இழை. அதில் விலங்குப் பொருள் இல்லை. பன்றித் திசுவில் செய்த வலைகளும் உண்டு. வழக்கமான ஆபரேஷனுக்கு அவை தேவைப்படுவதில்லை. முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் ருகூஉ, ஸஜ்தா செய்ய வலித்தால் உட்கார்ந்து சைகையால் தொழலாம். காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்றால் குளிப்பின் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள்.

தொந்தரவு இல்லாத ஆண்கள் டாக்டரின் ஆலோசனையுடன் காத்திருக்கலாம். ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, கடும் வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். குடல் அழுகி உயிருக்கே ஆபத்தாகும். புதுச்சேரியில் இருப்போர் கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். வெட்கத்தை விட உயிர் பெரிது. அது அல்லாஹ் தந்த அமானிதம்.