பட்டை உரித்த வில்

திராமன் நகரம் மரத்தால் வளர்ந்தது. மேட்டுக் காடுகளில் வெட்டிய மரங்கள் ஆற்றில் மிதந்து வந்து மரஆலைகளையும் காகிதக்கூழ் ஆலைகளையும் சேர்ந்தன. அவற்றின் பட்டையைத் தொழிலாளர் உரித்தனர். ஆனால் இந்த நாட்டில் அதைவிடப் பழைய பட்டை உரிப்பு ஒன்று உண்டு: வில்லுக்காக உரித்தது.

வில் செய்பவனுக்கு முதற் சோதனை பட்டைதான். பட்டைக்கு அடியிலுள்ள மரவளையமே வில்லின் முதுகாகிறது. நாணை இழுக்கும்போது இழுவிசையைத் தாங்குவது அதுவே. கத்தி தவறி அந்த நார்களை ஓரிடத்தில் அறுத்தால், வில் அங்கேயே முறியும். சாறு ஏறும் வசந்தத்தில் வெட்டிய மரத்தில் பட்டை கையோடு கழன்று வரும். மாரியில் வெட்டியதைப் பொறுமையாகச் சுரண்டத்தான் வேண்டும்.

நோர்வேயின் பழைய மொழியில் 'அல்ம்' மரத்தின் பெயரே வில்லையும் குறித்தது. மத்தியகாலக் கூலத்திங் சட்டம் போர்ப்படகின் ஒவ்வொரு துடுப்பிருக்கைக்கும் ஒரு வில்லும் இரண்டு டசின் அம்புகளும் வேண்டும் என்றது. 1807 முதல் 1814 வரையிலான போர்க்காலப் பஞ்சத்தில் மக்கள் அதே அல்ம் மரத்தின் உட்பட்டையை அரைத்துப் பாண் சுட்டனர். வடக்கே சாமி இன மக்கள் இருவகை மரங்களை ஒட்டி வில் செய்து, ஈரம் புகாதிருக்க அதன்மேல் பேர்ச் மரப்பட்டையைச் சுற்றினர்.

இவற்றை அறியும்போது எமது தீவின் வேடர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் பட்டை கழிவுப்பொருளல்ல. மரப்பட்டை நாரில் நாண் திரித்தார்கள். பட்டையை அடித்து மரவுரி செய்தார்கள். இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்புமுனையின் வடிவில் இலையை வெட்டி வைத்துச் சென்றதை 1681இல் வெளிவந்த தனது நூலில் றொபேட் நொக்ஸ் எழுதினார். 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களது வேட்டைக்காடு சட்டப்படி மூடப்பட்டது.

இதைச் சிங்கள அரசின் குற்றமாக மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. வாகரை, கதிரவெளி, மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர்கள் வாழ்கிறார்கள். எமது வரலாற்று நூல்களில் சேரனின் விற்கொடிக்கு இடமுண்டு, வள்ளிக்கும் கண்ணப்பருக்கும் இடமுண்டு. இந்த மனிதர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்? நிலத்தை இழந்தவர்கள் என்று இங்கு உரிமை பேசும் நாம், எமக்கு அருகிலேயே நிலம் இழந்தவர்களைக் கண்டுகொண்டோமா?

அல்தா ஆற்றுப் போராட்டத்துக்குப் பின்னர், 1989இல் சாமி மக்களுக்கென ஒரு பாராளுமன்றம் திறக்கப்பட்டது. நோர்வேயும் தன் தவறைத் தானாக உணர்ந்துவிடவில்லை, உணர வைத்தார்கள்.

வாகரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எம்மிடையே இருக்கக்கூடும். வில்லுக்கு எந்த மரத்தை எடுத்தார்கள், எப்போது வெட்டினார்கள், எதனால் பட்டை உரித்தார்கள் என்பதைக் கண்டவர்கள் எழுதவேண்டும். அந்த அறிவு பழம்பொருட்காட்சிக்குப் போகுமுன், அதற்கு உரியவர்களின் பெயரோடு பதிவாகட்டும்.