காட்டுச்சேவலின் கழுத்திறகு

1970-களில் அலுவலக வேலையாக உதகைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் தகர டப்பாவைத் திறந்து, டிரவுட் மீன் பிடிக்கத் தாமே கட்டிய செயற்கை ஈக்களைக் காட்டினார். டிரவுட் நம் மீனல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டது.

தூண்டில் முள்ளில் பட்டுநூல் சுற்றி, அதன் கழுத்தில் கௌதாரியின் மெல்லிறகை இரண்டு சுற்று சுற்றியிருந்தார். விறைத்த சேவல் இறகானால் ஈ நீர்மேல் மிதக்கும். மெல்லிறகானால் உள்ளே இறங்கி, ஓட்டத்தில் உயிருள்ள பூச்சிபோல அசையும் என்றார்.

ஒரு ஈயில் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக வேறு இறகு. அரக்குத் துளி வைத்தாற்போலப் பளபளத்தது. எத்தனையோ உறைகளுக்கு அரக்கு வைத்த குமாஸ்தாவுக்கு வேறென்ன தோன்றும்! அது நம் மலைக் காட்டுச்சேவலின் கழுத்திறகாம். நீருக்குள் சிறுமீனின் கண்போலத் தெரியுமாம்.

அப்பறவையின் அறிவியல் பெயர் கல்லுஸ் சொன்னெராட்டி. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது தெரிந்த பெயர். 1782-இல் தம் இந்தியப் பயண நூலை வெளியிட்ட பியேர் சொன்னெராவின் நினைவாக, டச்சு அறிஞர் தெமின்க் 1813-இல் இட்டது.

பிரிட்டனின் சால்மன் ஈக்களுக்கு இவ்விறகு இல்லாமல் முடியாது என்றாயிற்று. கழுத்துத் தோலோடு உரித்துக் கப்பலேற்றினார்கள். ஒரு தோல் என்றால் ஒரு சேவல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் காவலாயிற்று. இன்று அங்கேயே வளர்க்கும் சேவல்களிலிருந்து இறகு எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் போலியும் உண்டு.

நீலகிரி போனால், விடியற்காலையில் அதன் கூவலைக் கேளுங்கள். இறகு அதனிடமே இருக்கட்டும்.