தகன்ரோக் பலசரக்குக் கடை

அன்ரன் செக்கோவின் 'செரிப்பழத் தோட்டம்' நாடகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பலசரக்குக் கடைதான் நினைவுக்கு வரும். ருஷ்யாவின் அசோவ் கடலோரத்துத் தகன்ரோக் பட்டினத்தில் அவரது தந்தை பாவெல் நடத்திய கடை அது.

பாவெல் பிறப்பால் பண்ணையடிமை. அவருடைய தந்தை யெகோர், சிறுகச் சிறுகச் சேர்த்த 3500 ரூபிளைப் பிரபுவிடம் கொடுத்து 1841இல் குடும்பத்தை மீட்டார். ஒரு மகளுக்குப் பணம் போதவில்லை. பிரபு அவளைக் கொசுறாக விட்டாராம்! ஆள் விற்பனையிலும் கொசுறு இருந்திருக்கிறது.

1857இல் பாவெல் கடை திறந்தார். தேயிலை, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒருமுறை எண்ணெய்ப் பீப்பாயில் எலி விழுந்து செத்தது. எண்ணெயைக் கொட்ட மனமில்லாத பாவெல், பாதிரியாரை அழைத்து மந்திரிப்பித்தார். செய்தி பரவி வியாபாரம் படுத்துவிட்டது. மூத்த மகன் எழுதிவைத்த கதை இது. பக்தியும் பிரம்பும் அந்த வீட்டில் சேர்ந்தே இருந்தன.

1876இல் கடன் முற்றி பாவெல் மொஸ்கோவுக்கு ஓடினார். வீடு, அங்கே வாடகைக்கு இருந்தவரின் கைக்குப் போயிற்று. படிப்பை முடிக்க ஊரில் நின்ற 16 வயது அன்ரன், புதிய சொந்தக்காரரின் மருமகனுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து அங்கேயே தங்கினார்.

1904இல் மேடையேறிய அந்த நாடகத்தில் தோட்டத்தை வாங்குபவன் லோபாகின் என்ற வியாபாரி. அங்கேயே அடிமைப்பட்டிருந்தவர்களின் வாரிசு. வேறொருவர் எழுதியிருந்தால் அவன் வில்லனாகியிருப்பான். செக்கோவோ, அவனைக் கண்ணியமான மனிதனாக நடிக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அடிவாங்கி வளர்ந்த மகன் வியாபாரிக்குக் கேட்ட மரியாதை என்றே அதை நான் கொள்கிறேன்.

பாவெல் அதைப் பார்க்கவில்லை. 1898இலேயே காலமாகிவிட்டார்.