கரியாஹாட்: நடைபாதையும் நகர மானிடவியலும்

தென் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் கூடும் நாற்சந்தியும் அதைச் சுற்றிய கடைத்தெருவும் கரியாஹாட் எனப்படும். வங்காளியில் 'ஹாட்' என்றால் சந்தை. மனிதர் நகரத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்று படிக்கும் நகர மானிடவியலுக்கு இந்தத் தெரு நல்ல பாடம்.

நகரம் பெருக்கப் பெருக்க உறவுகள் மேலோட்டமாகிவிடும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் லூயி வர்த் 1938இல் எழுதினார். கொல்கத்தாவோ வேறு கதை சொன்னது. இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த நிர்மல் குமார் போஸ் 1960களில் நகரத்தை வார்டு வார்டாக ஆராய்ந்தார். சாதியும் மொழியும் தொழிலும் கரைந்துபோகாமல் தனித்தனிப் பேட்டைகளாக நிற்பதைக் காட்டினார். கரியாஹாட்டிலிருந்து மேற்கே நடந்தால் வரும் லேக் மார்க்கெட், தமிழர் பல தலைமுறையாக வாழும் பேட்டை. தோசையும் காப்பியும் அங்கே இன்றும் கிடைக்கும்.

கரியாஹாட்டின் உயிர் நடைபாதையில்தான் இருக்கிறது. ஒருபுறம் கட்டடக் கடைகள், மறுபுறம் சாலையோர வியாபாரிகள். நடுவே ஓர் ஆள் ஒதுங்கிப் போகும் அளவுக்கு வழி. தலைக்குமேல் புடவைகளும் நைட்டிகளும் தொங்கும். வங்காளப் புத்தாண்டுக்கு முந்தைய சைத்ரத் தள்ளுபடி நாட்களில் அந்த வழியும் அடைபட்டுவிடும். பார்ப்பவருக்கு இது குழப்பம். ஆனால் எந்த இடம் யாருடையது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பட்டா இல்லாத அந்த உரிமையைப் பழக்கமும் சங்கமும் காக்கின்றன.

1996 நவம்பரில் இடது முன்னணி அரசு 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் இந்த நடைபாதைக் கடைகளை இரவோடிரவாக இடித்துத் தள்ளியது. வியாபாரிகள் ஹாக்கர் சங்கிராம் கமிட்டியாகத் திரண்டார்கள்; சில ஆண்டுகளில் நடைபாதைக்கே திரும்பினார்கள். சட்டத்தின் ஓரத்தில் வாழும் மக்கள் அரசோடு பேரம் பேசிப் பிழைக்கும் இந்த வெளியை அறிஞர் பார்த்தா சாட்டர்ஜி 'அரசியல் சமூகம்' என்றார். தென் கொல்கத்தாவின் ரயில் பாதையோரக் குடியிருப்பு ஒன்றை வைத்து 2004இல் வெளிவந்த நூலில் அதை விளக்கினார். அதே கண்ணோட்டம் கரியாஹாட்டுக்கும் அப்படியே பொருந்தும். ரிதஜ்யோதி பந்தோபாத்யாய் இந்நகரத் தெருக்களின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை 2022இல் நூலாக்கினார்.

இந்தப் பேரத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு: 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் 2019 ஜனவரியில் கரியாஹாட் சந்தியிலுள்ள கட்டடம் ஒன்று தீக்கிரையானதும், நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் கூரைகளை அகற்றும் பேச்சு எழுந்தது. மழைக்கும் வெயிலுக்கும் வியாபாரிக்கு இருந்த காப்பு அது ஒன்றே.