காலாங்கில் இரண்டு ஏழாண்டுகள்



அண்மையில் மாணவர்களின் கட்டுரைப் பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன், "நமது தேசிய விளையாட்டரங்கம் 2014ஆம் ஆண்டு கட்டப்பட்டது" என்று எழுதியிருந்தான். இன்று நிற்கும் அரங்கைப் பொறுத்தவரை அது பிழையன்று. ஆயினும் பக்க ஓரத்தில், "அதே இடத்தில் அதற்கு முன்பும் ஒன்று இருந்தது" என்று குறித்தேன். மறுநாள் அவன், "ஐயா, பழையதை இடித்தவுடன் புதியதைக் கட்டிவிட்டார்களா?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொல்ல இயலாமற்போன விடையை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் தன் தேசிய விளையாட்டரங்கிற்காக இரண்டு முறை காத்திருந்தது. இரண்டு முறையும் ஏறத்தாழ ஏழாண்டுகள். ஆனால் அவ்விரு காத்திருப்புகளும் ஒரே தன்மையன அல்ல.

முதற் காத்திருப்பு 1966ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கியது. காலாங் வட்டாரத்தில் அன்றுதான் பணி தொடக்கம் கண்டது. நாடு விடுதலை பெற்று ஓராண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. வீடு வேண்டும், பள்ளி வேண்டும், வேலை வேண்டும், தற்காப்புக்குப் படையும் வேண்டும். இத்தனை தேவைகளுக்கிடையே பந்து உதைக்க ஓர் அரங்கம் என்றால் அரசாங்கக் கருவூலம் எங்ஙனம் தாங்கும்?

அதற்குக் கண்ட வழி, குலுக்குச்சீட்டு! சட்டவிரோதச் சூதாட்டத்தை ஒடுக்கும் நோக்கத்துடன் 1968ஆம் ஆண்டு 'சிங்கப்பூர் பூல்ஸ்' நிறுவப்பட்டது. அதன் டோட்டோவும், அடுத்த ஆண்டு வந்த சிங்கப்பூர் ஸ்வீப் சீட்டும் அரங்கின் கட்டுமானத்திற்குப் பணம் திரட்டித் தந்தன. சூதாட்டத்தைப் புகழ்வது ஓர் ஆசிரியருக்கு அழகன்று. எனினும், வரலாற்றை உள்ளவாறே சொல்லவேண்டும். பரிசு விழாத சீட்டுகளும் அந்த அரங்கில் ஒரு கல்லாய் அமர்ந்தன.

ஏறத்தாழ 50 மில்லியன் வெள்ளியில் எழுந்த அவ்வரங்கத்தை 1973ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அன்றைய பிரதமர் திரு. லீ குவான் இயூ திறந்து வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. அதன்பின் மலேசியக் கிண்ணக் காற்பந்தாட்டம் அதற்கு உயிரூட்டியது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடி எழுப்பிய ஆரவாரத்திற்குக் 'காலாங் முழக்கம்' என்றே பெயர் விழுந்தது. ஃபாண்டி அகமதும் நம்மவரான வி. சுந்தரமூர்த்தியும் அம்முழக்கத்திற்கிடையே ஆடியவர்கள். 1976ஆம் ஆண்டு முதல் 2006 வரை பதினெட்டு முறை தேசிய தின அணிவகுப்பும் அங்கேதான் நடந்தது.

இனி இரண்டாம் காத்திருப்பைக் காண்போம்.

2007ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பழைய அரங்கிற்குப் பிரியாவிடை அளிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுடன் ஆடி 0-3 என்று தோற்றோம். ஆயினும் அன்று தோல்வியைவிடப் பிரிவே பெரிதாய்த் தோன்றியது. அவ்விடத்தில் 'ஸ்போர்ட்ஸ் ஹப்' எனும் பெரும் விளையாட்டு வளாகம் 2011ஆம் ஆண்டுக்குள் எழும் என்பது திட்டம். 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அதனைக் கட்டும் நிறுவனக் கூட்டணியும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இங்கே ஒரு செய்தியை விளக்கவேண்டும். இத்திட்டம் அரசாங்கமும் தனியாரும் கூட்டாகச் செய்வது. வடிவமைப்பது, கட்டுவது, அதற்கான பணத்தைத் திரட்டுவது, பின்னர் 25 ஆண்டுக்காலம் நடத்துவது ஆகிய அனைத்தும் தனியார் கூட்டணியின் பொறுப்பு. அரசாங்கம் ஆண்டுதோறும் அதற்கொரு தொகை செலுத்தும். வேறு வகையிற் சொன்னால், தொடக்கத்திலேயே பெருந்தொகையை அரசாங்கம் எடுத்து வைக்கவேண்டியதில்லை. வங்கிக் கடனைக் கொண்டு கூட்டணி கட்டும். இதன் நன்மை வெளிப்படை. இதன் ஆபத்தோ, வங்கிகள் கையை மூடிக்கொள்ளும் நாளில்தான் தெரியும்.

அந்த நாள் விரைவிலேயே வந்தது. முதலில் விலை ஏறியது. 2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தோனேசியா சிங்கப்பூருக்கு மணல் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. கான்கிரீட்டின் விலை உயர்ந்தது. உலகச் சந்தையில் எஃகின் விலையும் ஏறியது. பிறகு 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தது. உலகெங்கும் கடன் கிடைப்பது அரிதாயிற்று. நியூயார்க்கில் ஒரு வங்கி சரிந்தால் காலாங்கில் ஓர் அரங்கம் நின்றுபோகும் என்று யார் எண்ணியிருப்பார்கள்?

விளைவு யாதெனில், பிரியாவிடை பெற்ற பழைய அரங்கம் இடிபடாமலே நின்றது. 2008 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ண அரையிறுதி ஆட்டமே அங்குதான் நடைபெற்றது. வியட்னாமிடம் 0-1 என்று தோற்றோம். 2010 ஆகஸ்டில்தான் ஒப்பந்தம் முழுமையாகக் கையெழுத்தானது. அதன்பிறகே பழைய அரங்கை இடிக்கும் பணி தொடங்கியது. 2014 ஜூனில் புதிய அரங்கின் கதவுகள் திறந்தன. பிரியாவிடை நாளிலிருந்து கணக்கிட்டால் ஏழாண்டுகள்.

வளாகத்தின் செலவு 1.33 பில்லியன் வெள்ளி. பழைய 50 மில்லியனோடு இதனை நேராக ஒப்பிடுவது நியாயமன்று. இடையில் பணத்தின் மதிப்பு மாறிவிட்டது. மேலும், இது 310 மீட்டர் விட்டமுடைய குவிமாடமும் திறந்து மூடும் கூரையும் கொண்ட அரங்கோடு நீச்சல் வளாகம், கடைத்தொகுதி முதலியனவும் சேர்ந்த ஒன்று.

ஆனால் கணக்கேட்டில் ஏறாத செலவுகளும் உண்டு. அவற்றைத்தான் அம்மாணவனுக்குச் சொல்ல விரும்பினேன்.

முதலாவது, 2013ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள். அவற்றை ஏற்று நடத்தும் வாய்ப்பு நமக்கிருந்தது. அரங்கம் ஆயத்தமாகாததால் அதனை விட்டுக்கொடுத்தோம். மியன்மார் நடத்தியது. நமது முறை 2015ஆம் ஆண்டில்தான் வந்தது.

இரண்டாவது, 2012 டிசம்பர். தென்கிழக்காசியக் கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் நம் அணி தாய்லாந்தை 3-1 என்று வென்றது. பாங்காக்கில் 0-1 என்று தோற்றபோதும், மொத்தக் கணக்கில் நான்காம் முறையாகக் கிண்ணம் நமதாயிற்று. அந்த முதல் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? ஜாலான் புசார் அரங்கில்! அங்கே ஏறத்தாழ ஆறாயிரம் இருக்கைகளே உள்ளன. அடுத்த ஆண்டு லயன்ஸ் XII அணி மலேசிய சூப்பர் லீக் வெற்றியை உறுதி செய்ததும் அதே சிற்றரங்கில்தான். ஐம்பத்தையாயிரம் பேர் ஒன்றுகூடி மகிழ்ந்திருக்கவேண்டிய வெற்றிகளைப் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் கண்டனர். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காலாங் முழக்கத்தைத் தம் காதால் கேளாமலே வளர்ந்துவிட்டனர். இந்த இழப்பை எந்த ஒப்பந்தத்தில் எழுதி ஈடு பெறுவது?

புதிய அரங்கம் திறந்த பின்னும் இடர்கள் தொடர்ந்தன. 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆடியபோது, நெய்மாரின் நான்கு கோல்களுக்கு ஈடாக மணல் தெரிந்த புல்தரையும் பேசப்பட்டது. 2016ஆம் ஆண்டுத் தேசிய தின அணிவகுப்பு அங்கு நடந்தபோது வான்குடை வீரர்கள் இறங்க இயலவில்லை. ஈற்றில், 25 ஆண்டு ஒப்பந்தம் பாதியைக்கூட எட்டுமுன் 2022 டிசம்பர் 9ஆம் நாள் அரசாங்கமே வளாகத்தின் உரிமையையும் நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டது.

முதற் காத்திருப்பில் பணம் இல்லாமையே தடை. ஆனால் சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்த அரங்கம் 'நம்முடையது' என்ற எண்ணம் இருந்தது. இரண்டாம் காத்திருப்பில் நாடு செல்வச் செழிப்புடன் இருந்தது. ஆயினும் கட்டுவதற்கான பணம் பிறர் கையில் இருந்தது. அவர்களுக்குக் கடன் கிடைக்கும் வரை நாடு முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. அரசாங்கம் பொறுப்பை ஏற்ற செய்தியைப் படித்தபோது, அரங்கம் அன்றுதான் மெய்யாகத் 'தேசிய' அரங்கம் ஆயிற்று என்று எனக்குத் தோன்றியது. என் கருத்தோடு வேறுபடுவோர் இருக்கலாம். அவர்தம் கருத்தையும் அறிய விழைகிறேன்.

அம்மாணவனின் ஏட்டை மீண்டும் எடுத்து, அவன் எழுதிய வாக்கியத்திற்கு முழு மதிப்பெண் அளித்துவிட்டேன். அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "உன் தாத்தாவிடம் பழைய அரங்கைப் பற்றிக் கேட்டு, அடுத்த கட்டுரையை எழுதி வா."