சிறகு முளைத்த நிக்கல்

1957-ஆம் ஆண்டு தசம நாணயம் புழக்கத்திற்கு வந்தபோது வெளியான 25 நயாபைசாக் காசு மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். நாம் குடியேறிய இக்கொல்கத்தாவில், அலிப்பூரில் 1952-இல் திறக்கப்பெற்ற நாணயச் சாலையிலும் அது அச்சிடப்பட்டது. முழுவதும் நிக்கல். உள்ளங்கையில் கனத்து நின்ற அவ்வுலோகம் ஆவியாகிப் பறக்கவும் வல்லது என்றால் நம்புவது கடினமே.

1889-இல், இங்கிலாந்தில் லுட்விக் மாண்டு என்னும் இரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், அவருடைய உதவியாளர் கார்ல் லாங்கர் நிக்கல் தூளின்மீது கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்திக்கொண்டிருந்தார். அது நச்சு வாயுவாதலால், வெளியேறும் முனையில் கொளுத்திவிடுவது வழக்கம். கருவி ஆறத் தொடங்கியதும் சுடர் திடீரெனப் பிரகாசமாக ஒளிர்ந்தது. குளிர்ந்த பீங்கானை அதில் காட்டியபோது நிக்கல் படிந்து கண்ணாடிபோல் பளபளத்தது. வாயுவும் உலோகமும் கூடிப் பிறந்த அப்பொருளே நிக்கல் கார்பொனைல். ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் உருவாகும். 200 பாகையளவில் சிதைந்து தூய நிக்கலைத் தந்துவிடும். உலோகத்திற்குச் சிறகு தந்தவர் மாண்டு என்று கெல்வின் பிரபு வியந்தாராம். வியப்புக்குரியதுதான், ஆனால் அச்சிறகில் நஞ்சும் இருந்தது.

நிறமற்ற இந்நீர்மம் 43 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். 2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவைத் தகித்த வெயிலின் அளவும் அதுவே! அன்று முற்றத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தால் அடுப்பின்றியே பொங்கியிருக்கும். எளிதில் தீப்பற்றும்; அதன் ஆவி காற்றைக் காட்டிலும் மிகக் கனமானதால் தாழ்ந்த இடங்களில் தேங்கும்.

1902-இல் வேல்ஸ் நாட்டுக் கிளைடக் என்னும் ஊரில் மாண்டின் நிறுவனம் நிக்கல் ஆலையைத் தொடங்கியது. விரைவிலேயே தொழிலாளர் சிலர் மாண்டனர். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்: முதற் குறிகள் இவ்வளவே. திறந்த வெளிக்கு வந்தால் தெளிந்துவிடும். தொழிலாளி நலமாயிற்று என்று வீடு திரும்பி, உண்டு உறங்குவான். அரைநாளோ ஒரு நாளோ கழிந்தபின் மார்பு இறுகும், மூச்சு முட்டும், சிலருக்குச் சில நாட்களில் உயிரும் போகும். நம்மை மிகவும் அஞ்சவைப்பது இந்த இடைக்காலத் தெளிவுதான். ஆர்மிட் என்ற மருத்துவர் 1907, 1908-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கார்பன் மோனாக்சைடன்று, நுரையீரலில் படியும் நிக்கலே கேடு செய்கிறது என்று காட்டினார்.

பணியிடக் காற்றில் நூறு கோடிப் பங்கில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாவி இருத்தலாகாது என்பது அமெரிக்க அரசு விதித்த வரம்பு. இதனைச் சுவாசித்தவர் எத்துணைத் தெளிவாகத் தோன்றினும் இன்று மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. முதல் எட்டு மணி நேரச் சிறுநீரில் நிக்கல் எவ்வளவு என்று அளந்தே நோயின் கடுமையை மதிப்பிடுகின்றனர்.